ராமேஸ்வரம் குடும்பப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு நாங்கள் முதல்முறை போய்ச் சேர்ந்தபோது மதியம் பன்னிரண்டரை மணி. மே மாதம். வேனிலிருந்து இறங்கியதும் என் மகள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மணலில் ஓடினாள். நாலு எட்டு வைப்பதற்குள் அலறிக்கொண்டு நின்றுவிட்டாள். தூக்கிப் பார்த்தால் உள்ளங்கால் செக்கச்செவேல் என்று இருந்தது. ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேன் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

ராமேஸ்வரம் போய்விட்டு "ஒரே வெயில், ஒரே அலைச்சல்" என்று சலித்துக்கொள்பவர்கள் பலரும் செய்த தவறு இதுதான். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார்கள். எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது என்று யோசிப்பதில்லை. அந்தத் தீவில் வெயிலும் காற்றும் கடலும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் மாதம். பிள்ளைகளுக்கு லீவு என்பதால் எல்லோரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கிளம்புகிறோம். முடிந்தால் ஜனவரி முதல் மார்ச் பாதி வரைக்குள் ஒரு சனி, ஞாயிறோடு ஒரு நாள் சேர்த்துப் போய்வாருங்கள். வெயில் இதமாக இருக்கும். தனுஷ்கோடிப் பக்கம் தேங்கி நிற்கும் நீரில் பூநாரைகளையும் பார்க்கலாம்; அந்தப் பகுதியை 2025-ல் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. தீபாவளியை ஒட்டிப் போவதாக இருந்தால் வடகிழக்குப் பருவமழையை மறக்க வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தேதி குறிக்கும்போது காலண்டரில் அமாவாசையையும் பாருங்கள். தை, ஆடி, மகாளய அமாவாசை நாட்களில் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் கைக்குழந்தையோடு நகரவே முடியாது.

மே மாதம்தான் வசதி என்றால், சரி, போகலாம். ஆனால் விதவிதமாக மீன் சாப்பிடும் ஆசையோடு போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வரும் மீன்தான் கிடைக்கும். அதற்கேற்ப விலையும் ஏறியிருக்கும்.

அடுத்தது தங்கும் இடம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடியற்காலையில் ராமேஸ்வரத்தில் இறக்கிவிடும். பல விடுதிகளில் அறை கொடுப்பது மதியம் 12 மணிக்கு. இதைக் கேட்காமல் பதிவு செய்துவிட்டு, முதல்முறை நாங்கள் ஒரு விடுதியின் வரவேற்பறையில் மூட்டை முடிச்சுகளோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் தரையிலேயே தூங்கிவிட்டார்கள். பணம் கட்டும் முன் போனில் கேட்டுவிடுங்கள்: காலை ஐந்து மணிக்கு அறை கிடைக்குமா, 24 மணி நேரக் கணக்கா, லிஃப்ட் இருக்கிறதா, கோயிலுக்கு நடந்தே போகலாமா. வயதானவர்களுக்குக் கடைசி இரண்டும் முக்கியம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. லோயர் பெர்த் வேண்டுமென்றால் முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைக் கடப்பதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டுமா? இரவு ரயிலில் போனால் அரைத் தூக்கத்தில் கடந்துவிடும். மதுரை வரை வந்து, அங்கிருந்து பகல் ரயில் பிடியுங்கள்.

கோயிலில் நடக்கும் தவறு, எல்லோரையும் ஒரே மூச்சில் தீர்த்தமாட அழைத்துப் போவது. முதலில் அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், முழுக்கு. பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கல்தரை முழுக்க ஈரம். ஈரப்புடவை காலைச் சுற்ற, அந்த வழுக்கலில் முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நெருக்க நடப்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரும்பாடு. அம்மா பத்தாவது கிணற்றுக்கு மேல் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். முடித்ததும் ஈர உடையோடு சந்நிதிக்குப் போக முடியாது. உடை மாற்ற வேண்டும். அந்தப் பை யாரிடம் இருக்கும், போன்களை யார் வைத்துக்கொள்வது, சின்னவனுக்குப் பசித்தால் யார் பார்ப்பது? இவற்றையெல்லாம் முந்தின நாள் இரவே பேசி வையுங்கள். பெரியவர்களில் ஒருவர் பைகளோடும் குழந்தையோடும் வெளியே இருக்கட்டும். அப்புறம் அவர் முறை. பட்டு வேண்டாம், சீக்கிரம் காயும் நூல் புடவை போதும். விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம், தீர்த்தமாடல், மூன்றாம் பிரகாரம் எல்லாவற்றையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள். 1,212 தூண்கள் கொண்ட அந்தப் பிரகாரத்தை மாலையில், நடை திறந்த பிறகு நிதானமாகச் சுற்றினால் பிள்ளைகளே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

இனி கடல். இதில் மட்டும் தயவுசெய்து விளையாட்டாக இருக்காதீர்கள்.

அந்தப் பக்கத்து மீனவர்கள் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் அதுவும் கொந்தளிக்கும். ஆண்கடலில் அலை அதிகம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் சொல்லவே வேண்டாம். காலையில் அக்னி தீர்த்தத்தில் குளம்போன்ற தண்ணீரில் குளித்த பிள்ளைகள், அதே நினைப்பில் அரிச்சல்முனையில் இறங்கப் பார்ப்பார்கள். அது இரண்டு கடலும் மோதும் இடம். நீரோட்டம் கடுமை, காலடி மணல் நிலையாக நிற்காது. அங்கே குளிக்கக் கூடாது, கால் நனைக்கவும் குழந்தைகளை விட வேண்டாம்.

பிள்ளைகள் தண்ணீரில் ஆடத்தான் வேண்டும், அதற்குத்தானே வருகிறார்கள். அதற்கு அரியமான் கடற்கரை இருக்கிறது. பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் போகும் வழியில், உச்சிப்புளி பக்கம். பெண்கடல், ஆழமில்லாத கரை, சவுக்குத் தோப்பு நிழல். அங்கேயும் பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பெரியவர் தண்ணீரில் நிற்க வேண்டும். கரையில் போனோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்வது காவல் ஆகாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது. காற்றடைத்த டியூப்பை நம்பாதீர்கள். கரையிலிருந்து காற்று வீசினால் அதுவே பிள்ளையை உள்ளே இழுத்துப்போகும்.

கடைகளில் பவளப்பாறைத் துண்டு காட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பாசிமணி தாராளமாக வாங்கலாம்.

இரண்டாவது முறை பிப்ரவரியில் போனோம். தனுஷ்கோடிக்கு மாலைக்கு மேல் அனுமதி இல்லை என்பதால் காலையில் வழி திறந்ததுமே கிளம்பினோம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தொப்பி, மூடிய செருப்பு, ஒரு டப்பா இட்லி. ஒன்பதரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பி, மதியம் முழுக்கத் தூங்கி, மாலையில் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் பார்த்தோம். ஒரு நாளுக்கு இரண்டே இடம்.

அன்று காலை, பவளக்கல்லால் கட்டிய இடிந்த தேவாலயத்தின் ஓரம் அம்மா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலைப் புயலில் கடல் கொண்டுபோன கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "தண்டவாளம் எங்கே இருந்துச்சு பாட்டி?" என்று கேட்டு, அவள் மணலைக் காலால் விலக்கித் தேட ஆரம்பித்தாள்.