கரி கிரில்: வாங்கிய கையோடு செய்யும் தவறுகள்

பெட்டியைப் பிரித்த அன்றே கோழியை அடுக்கிவிடுகிறார்கள். புதுக் கிரில்லில் ஆலையில் பூசிய எண்ணெய் ஒட்டியிருக்கும். கம்பி வலையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு கிலோ கரியைப் பற்றவைத்து, மூடியைப் போட்டு, அரை மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். வலை பழுதானால் ஜிஐ வலையை வெட்டிப் போடாதீர்கள். அதிலுள்ள துத்தநாகப் பூச்சு சூட்டில் கெட்டு உணவில் சேரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையே வேண்டும்.

மொட்டை மாடி நல்ல இடம்தான். ஆனால் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, பிவிசி குழாய், துணிக்கொடி, ஓலைக் கொட்டகை ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். தூறல் விழுந்ததும் கிரில்லை மாடிப்படி அறைக்குள் இழுப்பது உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது; தணல் அடங்கியதுபோல் தெரிந்தாலும் வந்துகொண்டே இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். மழை வந்தால் மூடியைப் போட்டு, மேலும் கீழும் உள்ள காற்றுத் துளைகளை அடைத்து, அங்கேயே விட்டுவிடுங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் கறியில் அந்த வாடை ஏறும். கனலும் கரிமேல் ஊற்றினாலோ தீ கை வரை பாயும். சிம்னி ஸ்டார்ட்டர் என்ற தகர உருளையில் கரியை நிரப்பி, அடியில் கசக்கிய செய்தித்தாள் இரண்டைச் சொருகிக் கொளுத்துங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் மேல்கரியும் நீறு பூக்கும். அதற்கு முன் கொட்டினால் புகைதான் மிஞ்சும்.

நம் கடைகளில் அதிகம் கிடைப்பது ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலக் கரி. எலுமிச்சம்பழ அளவுக் கட்டிகளாக, தட்டினால் கணீரென்று ஒலிப்பதாகப் பார்த்து எடுங்கள். மூட்டையின் அடித்தூள் காற்றோட்டத்தை அடைக்கும். ஈரக்கரி வெடித்துப் பொறி தெறிக்கும்.

சமையலைக் கெடுப்பதில் முதலிடம் கங்குகளைக் கிரில்லின் அடி முழுக்கப் பரப்புவதற்கு. மசாலாவின் எண்ணெயும் கோழியின் கொழுப்பும் கங்கில் சொட்டியதும் தீ எழும். தோல் கருகும், எலும்பை ஒட்டிய சதை பச்சையாகவே இருக்கும். கங்குகளை ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். லெக் பீஸை கங்கில்லாத பக்கம் வைத்து மூடி, அரை மணி நேரம் வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் கங்கின்மேல் திருப்பிப் போட்டுச் சிவக்க விடுங்கள். இறைச்சி வெப்பமானியை எலும்பில் படாமல் சதையில் செருகினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். சூட்டைக் கூட்டிக் குறைக்கக் கீழ்த்துளை. மேல்துளை திறந்தே இருக்கட்டும். அதை மூடிவிட்டுச் சமைத்தால் புகை உள்ளேயே தேங்கிக் கறி கசக்கும்.

முடிந்ததும் கங்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிநீராவி கையைச் சுடும், எனாமல் பூச்சு விரியும். துளைகளை அடைத்து மறுநாள் வரை ஆறவிட்டு, சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் அள்ளுங்கள். குப்பைத் தொட்டியில் அன்றிரவே கொட்டினால், அடியில் ஒளிந்த ஒரு கங்கு போதும்.