ஸ்பெயின் கிளம்புகிறீர்களா? ஸ்பானிஷைத் தமிழ் வழியாகப் படியுங்கள்

சென்னையிலிருந்து ஸ்பெயினுக்குக் கிளம்புகிறவர்கள் பலர் ஆங்கிலம் வழியாகத்தான் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். ஆப்பும் புத்தகமும் அப்படித்தான் கிடைக்கின்றன. ஆனாலும் தமிழை ஓரமாக வைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் இல்லாத நம் வாக்கிய அமைப்பு ஸ்பானிஷில் பல இடங்களில் அப்படியே வரும்.

போய் இறங்கியதும் வீட்டு முகவரியைப் பதிய நகராட்சி அலுவலகத்துக்குப் போவீர்கள். இந்தப் பதிவுக்கு எம்பாத்ரோனமியெந்தோ என்று பெயர். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கொடுத்த பிறகு கவுன்ட்டரில் இருப்பவர் இப்படிச் சொல்லலாம்: "லெ ஃபால்தா உனா ஃபோத்தோகோப்பியா."

லெ என்றால் உங்களுக்கு. ஃபால்தா, குறைகிறது. உனா ஃபோத்தோகோப்பியா, ஒரு ஜெராக்ஸ். "உங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் குறையுது சார்" என்று நம் தாலுகா ஆபீஸில் கேட்ட அதே வாக்கியம்தான், வினை மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. இங்கே எழுவாய் நீங்கள் அல்ல, ஜெராக்ஸ். அதனால் இரண்டு போட்டோ குறைந்தால் வினையும் பன்மையாகும்: லெ ஃபால்தான் தோஸ் ஃபோத்தோஸ். அந்தக் கடைசி 'ன்' காதில் விழுந்தால், குறைவது ஒன்றுக்கு மேல் என்று புரிந்துகொள்ளலாம்.

'லெ' இருக்கும் இடத்தில் 'தே' வந்தால் 'உனக்கு'. ஸ்பெயினில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சட்டென்று அப்படிப் பேசுவார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்துக்கடையிலும் இதே அமைப்புதான். மே துவேலெ லா கர்கான்தா: எனக்குத் தொண்டை வலிக்கிறது. 'என் தொண்டை' என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் யோசித்தால்தான் அந்த 'என்' வந்து ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. நமக்கு ஜெராக்ஸும் நாற்காலியும் அஃறிணை, அவ்வளவுதான். அங்கே ஒவ்வொரு பொருளும் ஆண்பால் அல்லது பெண்பால். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால், 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் ஃபோத்தோ பெண்பால், ஏனென்றால் அது ஃபோத்தோகிராஃபியாவின் சுருக்கம். ஆகவே எந்தச் சொல்லையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். 'ஒரு' என்பதையும் சேர்த்தே படியுங்கள்: உன் பாபெல் (ஒரு தாள்), உனா ஃபிர்மா (ஒரு கையெழுத்து).

அப்புறம், கவுன்ட்டரை விட்டு எழுவதற்கு முன் "கே மே ஃபால்தா?" என்று கேட்டுவிடுங்கள். எனக்கு என்ன குறைகிறது என்று அர்த்தம். பதில் புரியாவிட்டால் "எஸ்க்ரீபாமெலோ, போர் ஃபாபோர்" என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சித்தா எனப்படும் அப்பாயின்ட்மென்ட் மறுபடி கிடைக்க நாளாகலாம்.