அபுடிலான்: கத்தரிக்கோலுக்குப் பயந்தால் பூ இல்லை

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டுத் தோட்டங்களில், மணி வடிவில் தலைகவிழ்ந்து தொங்கும் ஆரஞ்சு நிறப் பூக்களைப் பார்த்திருப்பீர்கள். இதழெங்கும் சிவப்பு நரம்புகள் ஓடியிருக்கும். அதுதான் அபுடிலான். இலை மேப்பிள் இலையின் சாயலில் இருப்பதால் ‘பூக்கும் மேப்பிள்’ என்றும் விற்கிறார்கள். ஆனால் மேப்பிளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செம்பருத்தி, பருத்தி, வெண்டை எல்லாம் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அந்த ஆரஞ்சுப் பூ வகையின் பூர்வீகம் தெற்கு பிரேசிலும் அதை ஒட்டிய உருகுவே, அர்ஜென்டினா பகுதிகளும். சுலபத்தில் சாகாத செடிதான். ஆனால் பூவே இல்லாமல், ஒல்லியாக, உயரமாக நிற்கும் அபுடிலான்களைத்தான் பல வீடுகளில் பார்க்க முடிகிறது. பெரும்பாலும் அது செடியின் குற்றமல்ல.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வெட்டப் பயப்படுவது. அபுடிலான் புதுத் தளிரில்தான் பூக்கிறது. ஒரு தளிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் நீண்ட காம்போடு ஒரு மொட்டு இருக்கும். அதற்கு மேலே உள்ள இலையின் இடுக்கில் இன்னும் சிறிய மொட்டு. நுனியில் கடுகளவு மொட்டு. தளிர் நீள நீளத்தான் பூ தொடரும். பழைய தண்டோ வெறுமையாகவே கிடக்கும். ‘நன்றாக வளர்கிறதே, எதற்கு வெட்டுவானேன்’ என்று விட்டுவிட்டால், நான்கு கிளைகள் மட்டும் ஆளுயரத்துக்குப் போய், உச்சியில் மட்டும் இரண்டு பூ பூக்கும். காற்றடித்தால் சாய்ந்துவிடும்.

மலைப்பகுதியில் உறைபனிக் காலம் முடிந்ததும், மாசி வாக்கில், ஒவ்வொரு கிளையையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து விடுங்கள். வயதான, வலுவான செடியானால் பாதிவரைகூட வெட்டலாம். ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். நீண்ட குச்சியை மிச்சம் வைத்தால் அது கணுவரை காய்ந்து கறுக்கும். சமவெளியில் இந்த வேலையைக் கோடையில் செய்யாதீர்கள். வெயில் தணியும் ஆவணி, புரட்டாசியில் வெட்டினால் குளிர்காலத்துக்குத் தளிரும் பூவும் சேர்ந்து வரும். இடையில் தளிர்களின் நுனியை அவ்வப்போது கிள்ளி வந்தால் செடி புதராக அடரும். ஆனால் கிள்ளிக்கொண்டே இருந்தாலும் மொட்டு தள்ளிப்போகும். இரண்டு மூன்று முறை கிள்ளியபின் விட்டுவிட வேண்டும்.

அடுத்த தவறு சமவெளிக்காரர்களுடையது. நம் ஊர்த் தரிசுகளில் மஞ்சள் பூவோடு நிற்கும் துத்தியும் அபுடிலான்தான். அதன் சொந்தம் என்பதால் இதுவும் கடும் வெயிலைத் தாங்கும் என்று மொட்டைமாடியில் வைக்கிறார்கள். தாங்காது. தோட்ட அபுடிலானுக்குப் பிடித்தது 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான இதமான சூடு. சென்னையின் சித்திரை வெயிலில் மொட்டுகள் விரியாமலே உதிரும். காலை வெயில் மட்டும் விழும் கிழக்குப் பக்கம், தரையில் வைத்த பெரிய தொட்டி, மண்மேல் மூடாக்கு: இவை இருந்தால் ஓரளவு காப்பாற்றலாம். நடுப்பகலில் இலை துவண்டால் உடனே தண்ணீர்க் குடத்தோடு ஓட வேண்டாம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாலையில் தானே நிமிரும். ஈர மண்ணில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும்.

வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர்மாறு. கூடத்தின் மூலையில் வைத்துவிடுகிறார்கள். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு மட்டும் நீளும், பூ வராது. சன்னலோரம்தான் இதற்கு இடம். டொராண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இலையுதிர்காலத்தில் செடியை உள்ளே கொண்டுவந்ததும் இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். வெளிச்சம் குறைந்ததன் விளைவு அது. அப்போது உரத்தை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்தால் போதும். இலையின் அடிப்புறத்தை மட்டும் தவறாமல் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி எல்லாம் அங்கேதான் குடியிருக்கும்.

உரம் பற்றி ஒரு வரி: தழைச்சத்து மிகுந்தால் இலைதான் செழிக்கும், பூ அல்ல.

இலையில் மஞ்சள் திட்டுத்திட்டாக இருக்கும் ‘தாம்சனி’ வகையை வாங்கிவிட்டு, சத்துக் குறைபாடு என்று நுண்ணூட்டம் தெளிப்பவர்கள் உண்டு. அந்த அழகான திட்டுகள் ஒரு வைரஸின் வேலை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அந்தத் திட்டுக்காகவே இதைத் தண்டுத் துண்டுகளிலிருந்து பெருக்கிப் பரப்பினார்கள். வெண்டையில் மஞ்சள் நரம்பு நோயை உண்டாக்கும் வைரஸும் இதே பேரினம்தான். எந்த மருந்தாலும் திட்டு போகாது, போக்கவும் தேவையில்லை. ஆனால் பச்சை இலை அபுடிலானில் இதை ஒட்டுக்கட்டினால் அதற்கும் திட்டு தொற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

போன்சாய், அதாவது தொட்டியில் குட்டை மரமாக வளர்க்கும் ஆசை உள்ளவர்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சிறு கன்றை வாங்கியதும் தட்டைத் தொட்டியில் நட்டுவிடாதீர்கள். அங்கே அடித்தண்டு பருக்கவே பருக்காது. முதலில் தரையிலோ பெரிய தொட்டியிலோ சில ஆண்டுகள் தாராளமாக வளரவிட்டு, தண்டு தடித்தபின்தான் தொட்டி மாற்ற வேண்டும். வகைத் தேர்வும் முக்கியம். போன்சாயாக வளர்க்கும்போது இலை சிறுத்தாலும் பூ சிறுக்காது. உள்ளங்கையளவு இலையும் பெரிய பூவும் உள்ள வகை, சிறிய தொட்டியில் பொருந்தாமல் தெரியும். சிவப்புப் புல்லிவட்டத்துக்குள் மஞ்சள் இதழ் தெரியும் மெகாபொட்டாமிகம் வகை இதற்கு ஏற்றது. அதன் இலை குறுகியது, கிளை மெல்லியது. கிளையை வளைத்து வடிவமைக்கக் கம்பி சுற்றுவதானால் பச்சை மாறாத இளங்கிளையில் சுற்றுங்கள். முற்றிய கிளை வளைக்கும்போதே முறியும். வேகமாக வளர்வதால் கம்பி சீக்கிரம் பட்டைக்குள் பதியும். வாரம் ஒருமுறை பார்த்து, இறுகியதும் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

சில ஆண்டுகளில் அடி மரமாகி, பூ குறையத் தொடங்கும். வெட்டி எறியும் நுனித் தண்டுகளை வீணாக்காதீர்கள். நான்கு விரற்கடை நீளத்தில், பூவும் மொட்டும் நீக்கி, ஈர மணலில் நிழலில் ஊன்றி வைத்தால் சுமார் ஒரு மாதத்தில் வேர் பிடித்துவிடும்.