விளம்பரத் தடுப்பானைப் பிடிக்கப் போய் வாசகரை இழக்கும் தளங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தளங்களில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ், 2018 பிப்ரவரியில் தமிழ்த் தளங்களையும் ஏற்கத் தொடங்கியது. தமிழில் எழுதியும் நாலு காசு பார்க்கலாம் என்ற நம்பிக்கை அப்போதுதான் பலருக்கு வந்தது. சமையல், வேளாண்மை, மாவட்டச் செய்தி, போட்டித் தேர்வு என்று தளங்கள் பெருகின. அப்படிப்பட்ட தளங்களுக்குப் பின்னணி வேலை பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். மாதக் கடைசியில் வருமானக் கணக்கைப் பார்த்து நொந்துபோய், “விளம்பரத்தை மறைக்கும் தடுப்பான் வைத்திருப்பவர்களை உள்ளேயே விடக் கூடாது, ஏதாவது செய்யுங்கள்” என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுடைய ஆத்திரம் நியாயமானது. ராத்திரி கண்விழித்து எழுதிய கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் படித்தும் கையில் எதுவும் நிற்கவில்லை என்றால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அந்த ஆத்திரத்தில் அவர்கள் எடுக்கும் முடிவுகள், நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் எடுத்த அதே முடிவுகளாக இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன். சின்னச் சின்னப் பிழைகளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விளம்பரம் வரவில்லை என்றதும் வாசகர் தடுத்துவிட்டார் என்று முடிவுகட்டுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

“தடுப்பான் இருக்கிறதா?” என்று உலாவியிடம் நேராகக் கேட்பதற்கு வழி கிடையாது. அதனால் தூண்டில் போட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டியை வைத்து, விளம்பரப் பெட்டிகளுக்கு வழக்கமாகச் சூட்டும் ‘ஆட்ஸ்பாக்ஸ்’ போன்ற பெயரைக் கொடுத்து, திரைக்கு வெளியே தள்ளிவிடுவது ஒரு முறை. ஈசிலிஸ்ட் போன்ற தடுப்புப் பட்டியல்களில் இத்தகைய பெயர்கள் இருப்பதால் தடுப்பான் அந்தப் பெட்டியை மறைத்துவிடும். சற்று நேரம் கழித்து அதன் உயரத்தை அளந்தால் பூஜ்யம் வரும். விளம்பர சர்வரிலிருந்து ஒரு கோப்பைக் கேட்டுப் பார்த்து, வரவில்லை என்றால் தடுப்பான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது இன்னொரு முறை.

ஒரு கோப்பு வராமல் போவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அலுவலக நெட்வொர்க்கின் ஃபயர்வால் விளம்பர முகவரிகளை மறித்திருக்கலாம். அங்கே வேலை பார்ப்பவருக்கு அதை மாற்றும் அதிகாரம் இருக்காது. வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோலை மகனோ மகளோ வைத்திருந்தால் அம்மாவின் கைபேசியிலும் விளம்பரம் வராது. ஃபயர்ஃபாக்ஸின் தனிப்பட்ட சாளரம் 2015-லிருந்து கண்காணிப்பு ஸ்கிரிப்டுகளை (பக்கத்தின் பின்னணியில் ஓடும் சிறு நிரல்களை) தானாகவே தடுக்கிறது. சிலர் தூண்டில் பெட்டிக்குப் பதிலாக உண்மையான விளம்பர இடத்தின் உயரத்தையே அளக்கிறார்கள். அந்த நேரத்தில் காட்டுவதற்கு விளம்பரம் இல்லையென்று ஆட்சென்ஸே இடத்தைக் காலியாக விட்டிருந்தாலும் பழி வாசகர் தலையில் விழுகிறது. இவற்றையெல்லாம்விடச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது: இணைப்பு மெதுவாக இருக்கலாம்.

ஒரு மாவட்டச் செய்தித் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தளத்தின் உரிமையாளர் எங்கிருந்தோ எடுத்த ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்திருந்தார். விளம்பரக் கோப்பு இரண்டு விநாடிக்குள் வராவிட்டால் திரை முழுவதும் கறுத்துவிடும். “எங்கள் உழைப்பைத் திருடாதீர்கள். தடுப்பானை நீக்கிவிட்டு வாருங்கள்” என்று சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம் தோன்றும். மூடுவதற்குப் பொத்தான் கிடையாது. அந்தத் தளத்துக்கு மலையோரக் கிராமங்களில் வாசகர்கள் அதிகம். அங்கே சிக்னல் வந்து வந்து போகும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “ஐயா, என் போனில் அப்படி எதுவும் இல்லை, எதை நீக்குவது?” என்று எழுதிக் கேட்டார். “செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள்” என்று பதில் போயிற்று. பாவம், அவர் கைபேசிக் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்துச் ‘சுத்தம்’ செய்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகும் அதே கறுப்புத் திரைதான்.

என்னிடம் அந்தத் தளம் வந்ததும், தடுப்பான் போன்ற நீட்சி (உலாவியோடு சேர்க்கும் சிறு செயலி) எதுவும் நிறுவாத புதிய உலாவியில் திறந்தேன். எந்தக் குறையும் இல்லை. உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் இணைப்பு வேகத்தை மெதுவான 3ஜி அளவுக்குக் குறைத்துவிட்டுத் திறந்தேன். முதலில் தலைப்பு வந்தது, அடுத்து முதல் பத்தி வந்தது, படம் பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. விளம்பரத்தைத் தடுக்காத, விளம்பரம் வந்தால் பார்க்கத் தயாராக இருந்த ஒரு மனிதரைத் திருடன் என்று திட்டி வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கறுப்புத் திரை தோன்றிய ஒவ்வொரு முறையையும் ‘தடுப்பான் பயன்படுத்துவோர்’ என்று கணக்கில் சேர்த்து, எத்தனை பேர் ஏமாற்றுகிறார்கள் பாருங்கள் என்று உரிமையாளர் வேறு குமுறிக்கொண்டிருந்தார்.

நிஜமாகவே தடுப்பவர்கள் விஷயத்திலும் நாம் செய்யும் ஊகம் தவறாகப் போவதுண்டு. 2010 மார்ச்சில் ஆர்ஸ் டெக்னிக்கா என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஒரு சோதனை நடத்தியது. தடுப்பான் வைத்திருந்தவர்களுக்கு 12 மணி நேரம் கட்டுரைகளே தெரியாதபடி மறைத்தது. பலருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை, பலர் கோபப்பட்டார்கள். பிறகு அதன் ஆசிரியர் கென் ஃபிஷர் காரணத்தை விளக்கி எழுதியபோது, நிறையப் பேர் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்தினார்கள், சிலர் சந்தாவும் கட்டினார்கள். தடுக்கிறவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு தடுக்கிறார்கள் என்று நினைத்தது பிழை என்பதை அவரே எழுதினார். அவர்களில் பலருக்கு விஷயம் தெரியாது, தெரிந்ததும் உதவினார்கள். அடைத்ததால் வராத உதவி, சொன்னதால் வந்தது.

ஆகவே முதல் சில வாரங்களுக்கு எதையும் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். இரண்டு தூண்டிலும் ஒன்றுபோல் சொன்னால் மட்டுமே கணக்கில் சேருங்கள். தடுப்பான் நீட்சி மறுத்த கோப்புக் கோரிக்கை பெரும்பாலும் உடனே தோல்வியடையும். மெதுவான இணைப்பில் காத்திருந்து காத்திருந்துதான் தோல்வியடையும். இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வாசகர் பக்கம் நில்லுங்கள். அறிவிப்பு வைத்தே தீர வேண்டும் என்றால், எளிதில் மூடக்கூடியதாக வையுங்கள். அந்த மூடும் பொத்தானை விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் எட்ட முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பார்வையற்ற வாசகருக்கு எட்டாத பொத்தான், பொத்தானே இல்லாததற்குச் சமம்.

எதை உள்ளே விடச் சொல்கிறோம் என்று தெரியாமல் கேட்பது

2016 ஜனவரியில் ஃபோர்ப்ஸ் தளம் வாசகர்களிடம் தடுப்பானை நிறுத்திவிட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னபடி நிறுத்தியதும் பக்கத்துக்குப் பின்னால் தனிச் சாளரமாகத் திறக்கும் தீங்கான பாப்-அண்டர் விளம்பரம் வந்து நின்றதாக ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அம்பலப்படுத்தினார். அதே ஆண்டு மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களில் ஓடிய விளம்பரங்கள் வழியாகவே கணினியைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல்கள் பரவின. அந்தத் தளங்கள் அவற்றை எழுதவில்லை. விளம்பர வலையமைப்பு கொண்டுவந்து கொட்டியது. ஆனால் பாதிக்கப்பட்ட வாசகர் நம்பிப் படியேறி வந்தது அந்தத் தளங்களுக்குத்தான். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடல் விளம்பரங்களில் போலி நிறுவனங்கள் புகுந்துகொள்வதால் தடுப்பான் பயன்படுத்தும்படி பொதுமக்களுக்கே அறிவுரை சொன்னது. காவல்துறை பரிந்துரைக்கும் பாதுகாப்பைக் கழற்றிவைக்கச் சொல்லும் நமக்கு, அந்த இடத்தில் என்ன வருகிறது என்று பார்க்கும் கடமை இருக்கிறது.

தடுப்பான் இல்லாத விலை குறைந்த கைபேசியில், வைஃபையை நிறுத்திவிட்டு, டேட்டாவில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். ‘டவுன்லோட்’ என்று எழுதிய போலிப் பொத்தான் கட்டுரைக்கு நடுவில் நிற்கிறதா? தானாக ஒலிக்கும் வீடியோ வருகிறதா? சூதாட்டச் செயலி, அதிசய மூலிகை, உடனடிக் கடன் என்று விளம்பரங்கள் வருகின்றனவா? ஆட்சென்ஸில் வகைவாரியாக விளம்பரங்களை மறிக்கும் வசதி இருக்கிறது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். அதைச் சரிசெய்த பிறகு வாசகரிடம் போய்க் கேளுங்கள்.

யாரோ எழுதிய ஸ்கிரிப்டை ஒட்டிவிட்டு மறந்துபோவது

தடுப்பான்களை எண்ணிச் சொல்லும் சேவையை நடத்திய பேஜ்ஃபேர் நிறுவனத்துக்குள் 2015 அக்டோபர் 31 அன்று ஊடுருவல் நடந்தது. 83 நிமிடங்கள் அதன் ஸ்கிரிப்ட் வழியாக, அதைச் சேர்த்திருந்த தளங்களின் வாசகர்களுக்கு அடோபி ஃபிளாஷ் அப்டேட் என்ற பெயரில் தீநிரல் போயிற்று. தங்கள் விளம்பரம் தடுக்கப்படுகிறதா என்று பார்க்கத்தான் அந்தத் தளங்கள் அதைச் சேர்த்திருந்தன. உங்களுக்குத் தேவையான சோதனை இருபது வரி. அதை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்புப் பட்டியலோடு மல்லுக்கட்டுவது

நீங்கள் பெட்டியின் பெயரை மாற்றுவீர்கள், அவர்கள் பட்டியலை மாற்றுவார்கள். அந்த நேரத்தில் ஒரு கட்டுரை எழுதலாம்.

வலது கிளிக்கை முடக்குவது

அப்படி முடக்கியிருந்தால், அந்த முடக்கத்தை எடுத்துவிடுங்கள்.

வாசகரோடு வழக்காடுவது

“விளம்பரத்தைப் பார்ப்பது நமக்குள் உள்ள ஒப்பந்தம், அதை மீறுகிறார்கள்” என்று வாதிடுவோர் உண்டு. ஜெர்மனியின் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் இந்தக் கோபத்தை நீதிமன்றம்வரை கொண்டுபோனது. ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பானை வெளியிடும் ஐயோ (Eyeo) நிறுவனம் நியாயமற்ற போட்டி எதையும் செய்யவில்லை என்று 2018 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே பதிப்பகம் பதிப்புரிமையைக் காட்டித் தொடுத்த இன்னொரு வழக்கு 2025-லும் ஓயாமல், மறுவிசாரணைக்காக ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. பெரிய பதிப்பகமே ஆண்டுக்கணக்கில் வக்கீல் வைத்துத் தீர்க்க முடியாத வாதத்தை, நாம் ஒரு அறிவிப்புப் பலகையில் வாசகரிடம் வென்றுவிட முடியாது.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கைபேசி வாசகருடையது, டேட்டாவுக்குப் பணம் கட்டுகிறவரும் அவரே. அதில் எது இறங்க வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமையும் அவருடையது. தளம் உங்களுடையது, பணம் கட்டாதவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. தடுக்கும் பக்கத்தில் நின்றவர்களுக்கும் இது எளிதாக இருந்ததில்லை. 2015 செப்டம்பரில் மார்கோ ஆர்மென்ட் என்ற செயலி உருவாக்குநர் ஐபோனுக்கு ‘பீஸ்’ என்ற தடுப்பானை வெளியிட்டார். விற்பனையில் அது முதலிடத்தில் இருந்தபோதே, அடிபடக் கூடாதவர்களும் அடிபடுகிறார்கள் என்று மனம் ஒப்பாமல் இரண்டே நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு தளத்தை நாள்தோறும் படித்துப் பயன்பெறுகிறவர், அங்கே விளம்பரம் நாகரிகமாக இருந்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்திவைப்பதுதான் முறை என்று வாசகர்களுக்கும் சொல்வேன்.

வேறு வழி வைக்காமல் கேட்பது

விளம்பரம் வேண்டாம் என்பவர் பணமாவது கட்ட ஒரு யுபிஐ க்யூஆர் கூட இல்லாத தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. இன்றே வையுங்கள்.

யார் தடுத்தார் என்று எழுதிவைப்பது

உங்களுக்குத் தேவை எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே. ஐபி முகவரியோடும் மின்னஞ்சலோடும் சேர்த்து ‘தடுப்பவர்’ என்று பதிந்துவைத்திருக்கும் தளங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தளத்திலும் அப்படி ஒரு அட்டவணை இருந்தால் அழித்துவிடுங்கள், பேக்கப்பில் இருப்பதையும் சேர்த்து.