போன்சாய்க் கன்றுகள்: தட்டுத்தொட்டிக்கு அவசரப்படுவதால் நேரும் தவறுகள்

வீட்டில் போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாகப் பேணப்படும் மரம், வளர்க்க ஆசைப்படுவோர் பலர் முதலில் தேடிப் போவது நல்ல கன்றை அன்று, ஆழமில்லாத அழகிய பீங்கான் தட்டைத்தான். பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு கன்றை அதில் நட்டுவிட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல அது முதிர்ந்த மரமாகத் திரண்டுவிடும் என்று காத்திருக்கிறார்கள். அடிமரம் பருக்க வேண்டுமானால் வேர் ஓட இடமும், தாராளமாக இலை விட்டு நீளும் கிளைகளும் வேண்டும். தட்டுத்தொட்டி இவ்விரண்டையும் கட்டுப்படுத்துவதற்கென்றே அமைந்தது; உருவான மரத்தை அதே அளவில் நிறுத்தி வைக்க அது உதவும், மரத்தை உருவாக்க உதவாது. ஆகவே இளங்கன்றை முதல் மூன்று நான்கு ஆண்டுகள் தரையிலோ பெரிய குரோ பேக்கிலோ (செடி வளர்க்கும் பை) விட்டு வளர்ப்பதே முறை. அப்போதும் வாரந்தோறும் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தால் பயனில்லை. ஒரு கிளையையாவது இஷ்டம்போல் நீளவிட்டு, அதன் கீழே அடிமரம் பருத்த பிறகு அக்கிளையை அறுத்துவிட வேண்டும்.

மரத்தேர்விலும் சறுக்கல் உண்டு. ஜப்பானிய மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்களுக்கு இலையுதிர்த்து உறங்கக் குளிர்காலம் தேவை. சென்னை, மதுரை வெயிலில் அவை நிலைப்பதில்லை. ஆலின் இனமான இச்சி (ஃபைகஸ்) வகைகள், ஆல், புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ ஆகியவை நம் சமவெளிக்கு இசைந்தவை. மொட்டைமாடிச் சுவரில் தானாக முளைக்கும் அரசங்கன்று இலவசமாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நீண்ட காம்புடைய அதன் அகன்ற இலை எளிதில் சிறுக்காது என்பதால் சிறு தொட்டியில் அளவு பொருந்தாமல் நிற்கும். ‘போன்சாய் விதை’ என்று பொட்டலத்தில் விற்கப்படுபவை சாதாரண மர விதைகளே. குட்டையாகவே வளரும் தனி விதை என்று எதுவும் கிடையாது.

கன்றை நாற்றுப்பையிலிருந்து எடுக்கும்போது வேரைப் பார்க்காமல் மண்கட்டியோடு அப்படியே நடுவது பின்னாளில் திருத்த முடியாத பிழையாகும். பைக்குள் வட்டமடித்துச் சுருண்ட வேர்கள் பருத்து ஒன்றையொன்று நெரிக்கும். நேர்கீழே இறங்கும் ஆணிவேர், ஆழமில்லாத தொட்டிக்கு மரம் என்றைக்குமே பொருந்தாதபடி செய்துவிடும். ஆணிவேரைக் குறுக்கி, பக்கவேர்களை எல்லாத் திசையிலும் விசிறிபோல் பரப்பி வைப்பதற்கு ஏற்ற வயது இதுதான். வேலை நடக்கும்போது வேர்கள் காற்றில் உலராதபடி ஈரத்துணியால் மூடியிருக்க வேண்டும்.

அடிமரம் பருத்த கன்றைத் தட்டுத்தொட்டிக்கு மாற்றும்போது நடும் கலவையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கன்றுகள் மிகுதியும் சாவது இங்கேதான். செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் கலந்த வழக்கமான மாடித்தோட்டக் கலவை, ஆழமற்ற தொட்டியில் சேறாக இறுகி வேரை அழுகச் செய்யும். வடிகால் வேண்டும் என்று அடியில் ஒரு வரிசை ஜல்லி பரப்பும் பழக்கமும் உதவாது. நுண்மண்ணில் உள்ள நீர், அது முற்றும் நிறையும் வரை கீழேயுள்ள பெரிய துகள்களுக்குள் எளிதில் இறங்காது. எனவே ஈரம் தேங்கும் படலம் ஜல்லிக்கு மேலே, வேருக்கு நெருக்கமாக, உயர்ந்துவிடுகிறது. நனைந்த பஞ்சுத் துண்டு ஒன்றைப் படுக்கை வசமாகப் பிடித்து, சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்பினால் மேலும் நீர் வடியும். உயரம் குறைந்த தொட்டி அந்தப் படுத்த பஞ்சைப் போல ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் கலவை முழுவதுமே ஏறக்குறைய ஒரே அளவுத் துகள்களாக இருக்க வேண்டும். பழைய செங்கல்லை உடைத்து, 2 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள துகள்களைப் பிரித்து, தூளை மாவுச் சல்லடையில் சலித்து நீக்கி, சிறிதளவு மட்கிய எரு சேர்த்தாலே இச்சி வகைகளுக்குப் போதும். ஊற்றிய நீர் மேலே குளமாக நிற்காமல் சில நொடிகளில் அடித்துளை வழியே வந்துவிட்டால் கலவை சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். துளைகளின் மேல் கொசுவலைத் துண்டை வைத்து, அவற்றின் வழியே நுழைத்த கம்பியால் கன்றைத் தொட்டியோடு கட்டிவிட வேண்டும். காற்றில் ஆடும் கன்றின் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும்.

காலம் பார்க்காமல் தொட்டி மாற்றுவதும் கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் வேரை வெட்டினால், இலைகள் இழக்கும் நீரை எஞ்சிய வேர்களால் ஈடுகட்ட முடியாது. மாசி, பங்குனியிலோ, வெயில் தணிந்த ஆடியிலோ செய்யலாம். மாற்றிய உடனே உரமிடுவது வெட்டுப்பட்ட வேர்களுக்குக் கேடு. புதுத்தளிர் வரும்வரை பொறுத்திருந்து, மென்மையான வெளிச்சத்தில் வைத்தால் போதும். வரவேற்பறை மேசை மட்டும் வேண்டாம். அங்கே கண்ணுக்குப் படும் வெளிச்சம் மரத்துக்குப் போதாது.

தினமும் காலையில் ஒரு குவளை என்று கணக்கு வைத்து நீர் ஊற்றுவதைவிட, ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகிச் சற்று நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது மேல். குச்சியின் கீழ்ப்பாதி ஈரமாக இருந்தால் அன்று நீர் தேவையில்லை. வெளுத்துக் காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை முழுதாக ஊற்ற வேண்டும்.

கம்பி சுற்றிக் கிளை வளைப்பதைத் தொட்டி மாற்றிய அன்றே செய்யாமல், கன்று தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இச்சி மிக விரைவாகப் பருப்பதால் வாரம் ஒருமுறை பார்க்காவிட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்து, ஆண்டுக்கணக்கில் மறையாத திருகுத் தழும்பை விட்டுவிடும். கழற்றும்போது, சுற்றிய வழியே திருப்பி எடுக்க முயன்று தளிர்க்கிளையை முறிப்பதைவிட, கம்பியைச் சிறு சிறு துண்டாக வெட்டி எடுத்துவிடுவதே நல்லது. அலுமினியக் கம்பியின் விலை அப்படியொன்றும் அதிகமில்லை.