இளைப்பு வரும்போது வரும் பயம்: வார்டில் கூட இருப்பவர் என்ன செய்யலாம்

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரியிலோ நுரையீரல் வார்டில் கட்டிலோரம் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை, "நல்லா இழு, நல்லா இழு". பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்கு அது வேலையைக் கெடுக்கிறது.

சிஓபிடியில் மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருப்பதால், உள்ளே போன காற்று வெளியேற நேரம் பிடிக்கும். பயந்தவர் வேகவேகமாக மூச்சு விடுவார். பழைய காற்று முழுக்க வெளியேறுமுன் அடுத்த மூச்சை இழுப்பார். நெஞ்சு ஊதிப்போய் நிற்கும், புதுக்காற்றுக்கு இடமிருக்காது. அவருக்கோ இழுக்க முடியவில்லை என்றே தோன்றும், பயம் இன்னும் ஏறும். ஆகவே முதலில் ஊத வைக்க வேண்டும்.

படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, பாதம் இரண்டும் தரையில் படட்டும். முன்னால் சாப்பாட்டு மேசையை இழுத்து, அதன்மேல் இரண்டு தலையணை வைத்து, கைகளை ஊன்றிச் சாயச் சொல்லுங்கள். தோள் தளர வேண்டும். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள். பிறகு விசிறி. பனையோலை விசிறியே போதும். அரை அடி தூரத்தில், கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் காற்று படும்படி விசிறுங்கள். அங்கே குளிர்ச்சி பட்டால் மூச்சுத் தவிப்பு கொஞ்சம் அடங்கும். டிபி வார்டானால் மாஸ்க் போட்டு, பக்கவாட்டில் நின்று விசிறுங்கள்.

அடுத்தது மூச்சு. மூக்கு வழியாக 2 எண்ணும் வரை உள்ளே. விசில் அடிப்பதுபோல் குவித்த உதடு வழியாக 4 எண்ணும் வரை வெளியே. முக்கி ஊதக்கூடாது, சூடான டீயை ஆற்றுவதுபோல் ஊதினால் போதும். "நைனா, என்னைப் பாரு. நான் ஊதுற மாதிரி ஊது" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, நீங்களும் சேர்ந்து ஊதுங்கள். அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். பதில் சொல்லவும் மூச்சு வேண்டும். கட்டிப்பிடித்தால் நெஞ்சு இன்னும் அடைப்பதுபோல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வார்த்தைகூட முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, திடீரென நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ அதைப் பயம் என்று ஒதுக்காதீர்கள். உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். சந்தேகமாக இருந்தாலும் கூப்பிட்டுவிட்டு, அவர் வரும்வரை மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

ஆக்சிஜன் குமிழை நீங்களாகத் திருப்பாதீர்கள். சிஓபிடி நோயாளிக்குப் பெரும்பாலும் ரத்த ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை போதும் என்றே டாக்டர்கள் வைக்கிறார்கள். 90ஐப் பார்த்துப் பதறி அதிகமாக்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து மயக்க நிலைக்குப் போகலாம். எண்ணையே பார்த்துக்கொண்டு கலங்குபவராக இருந்தால், திரையை வேறு பக்கம் திருப்பலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள்.

மருந்துகளும் மனதைக் குலைக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை நெபுலைசரில் (மருந்தைப் புகைபோல் மூச்சில் இழுக்க வைக்கும் கருவி) வைத்ததும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அது மருந்தால் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாதிப் பயம் போய்விடும். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும். அந்த மாத்திரையைக் காலையிலேயே கொடுக்கலாமா என்று ரவுண்ட்ஸில் கேளுங்கள். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குத் தரும் சைக்ளோசெரின் மருந்து மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவரக்கூடும். மாற்றம் தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். வெளி மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது மிகவும் ஆபத்து, மூச்சையே அடக்கிவிடும்.

ராத்திரியில் இடம் தெரியாமல் உளறினால் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். தொற்று, கார்பன் டை ஆக்சைடு, நீர் வற்றுதல், மலச்சிக்கல் எல்லாமே அப்படிச் செய்யும். சிஸ்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடியைப் போட்டுவிட்டு, என்ன நாள், எந்த இடம் என்று சொல்லிக்கொண்டிருங்கள். வழக்கமாகக் குடிப்பவர் என்றால் அதை மறைக்கவே கூடாது. குடி நின்ற முதல் மூன்று நாளில் நடுக்கமும் குழப்பமும் வலிப்பும் வரலாம்; டாக்டருக்குத் தெரிந்தால்தான் தடுக்க முடியும்.

மூச்சு அமைதியாக இருக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, நம்பிக்கை அற்றுப் போகிறதா? ஒன்றுக்கு "ஆமா" என்றாலும் மனநல டாக்டரை வரவழைக்கும்படி வார்டு டாக்டரிடம் கேளுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோன்றுகிறது என்றால் தனியே விடாமல், உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416 இருக்கிறது; இலவசம், தமிழில் பேசலாம்.

காசிமேட்டிலும் துறைமுகத்திலும் தினக்கூலிக்குப் போனவரை அரிப்பது வருமானக் கவலைதான். டிபி என்றால் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. 2024 நவம்பருக்கு முன் 500. வங்கிக் கணக்கு விவரத்தை டிபி பிரிவு ஊழியரிடம் இப்போதே கொடுங்கள். தட்டு, டம்ளரைத் தனியே ஒதுக்காதீர்கள். டிபி காற்றில்தான் பரவும், தட்டில் இல்லை.

ஊதும் பயிற்சியை இளைப்பு இல்லாத நேரத்தில் தினம் மூன்று தடவை, ஐந்தைந்து நிமிடம் செய்ய வையுங்கள். பழகாதவருக்குத் திணறும் நேரத்தில் அது கைகொடுக்காது.