எமல்சனா, எனாமலா? முதன்முறை பெயின்ற் அடிப்பவர்களுக்கு

பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கலாம் என்று ஹாட்வெயார் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான். எமல்சன் தண்ணீரில் கலக்குவது. எனாமல் எண்ணெய்ப் பெயின்ற். அதை இளக்கவும் பிறஷ் கழுவவும் ரின்னர் வேண்டும். விலையை விசாரிக்க முதல், எதன்மேல் பூசப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

1. பழைய பூச்சைச் சோதியுங்கள். ஒரு மூலையைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் றிமூவரில் நனைத்த பஞ்சால் தேயுங்கள். பெயின்ற் இளகிப் பஞ்சில் ஒட்டினால் எமல்சன். பஞ்சில் நிறம் ஏறாவிட்டால் அநேகமாக எனாமல். சும்மா கையால் தடவும்போதே மாப்போல வெள்ளை ஒட்டினால் சுண்ணாம்பு. அதைச் சுரண்டாமல் எதைப் பூசினாலும் உரியும்.

எனாமலுக்கு மேல் நேரே எமல்சன் பிடிக்காது. சான்ட் பேப்பரால் தேய்த்து, பிறைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட்டுத்தான் பூசவேண்டும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

2. சுவருக்கு எமல்சன். நாற்சார வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். எனாமலால் மூடினால் ஈரம் உள்ளே நின்று, மாரியில் கொப்பளம் போட்டுவிடும். புதுச் சீமெந்துப் பூச்சோ காரம் கூடியது. எண்ணெய்ப் பெயின்றைத் தின்று பிசுபிசுக்க வைக்கும். எமல்சன் என்றாலும் ஒரு மாதமாவது காயவிடுங்கள். குசினிக்கு, துடைக்கக்கூடிய மினுக்க எமல்சன் போதும். "எனாமல்தான் கழுவலாம்" என்பார்கள். ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் வெள்ளை எனாமல் மஞ்சளாகிவிடும்.

3. கதவு, யன்னல், கேற்றுக்கு எனாமல். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. துருவைக் கம்பி பிறஷால் உரஞ்சி, றெட் ஒக்சைட் (இரும்புக்கான அடிப்பூச்சு) பூசிக் காய்ந்தபின் எனாமல் இரண்டு தரம். எமல்சனுக்கு இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். எனாமலுக்கு ஓர் இரவாவது வேண்டும். அதனால் எனாமல் வேலையை ஐப்பசி மழைக்கு முன்னமே முடியுங்கள். சுவரை மார்கழியில், மழை விட்டபின் பார்க்கலாம்.

4. பிறஷ் கழுவிய ரின்னரைக் கிணற்றடியில் ஊற்றவே வேண்டாம். நம் யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக் கல். ஊற்றியது கிணற்றுக்கே இறங்கும். மூடிய போத்தலில் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறை பிறஷ் கழுவப் பாவிக்கலாம்.